காபன் கிரெடிற்றை வெளிநாட்டுக்கு மாற்ற அரசின் அங்கீகாரக் கடிதம்: யாழ்ப்பாணத்து அனுபவங்கள்

வேலணைக் கரை:

கண்டல் நடுகையைப் பற்றி இங்கே பலருக்கும் தெரியுமாதலால் எங்கள் சங்கத்தின் கதையை விட்டுவிட்டு நேரே விடயத்துக்கு வருகிறேன். நாங்கள் நடும் கண்டல் சேமிக்கும் காபனைச் சிங்கப்பூரில் காபன் வரி கட்டும் கம்பனிகளுக்கு விற்றுத் தருவதாகக் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். அங்கே தொன் ஒன்றுக்கு 2024 இல் 25 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்த வரி 2026 இல் 45 வெள்ளியாகிறது என்றும், வரிக்குரிய காபன் வெளியீட்டில் 5 சதவீதம் வரை வெளிநாட்டுக் கிரெடிற்றை, அதாவது ஒரு தொன் வெளியீட்டைக் குறைத்ததற்கான சான்றை, கொண்டு ஈடுசெய்யலாம் என்றும் சொன்னார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. கிரெடிற்றை வெளிநாட்டுக்கு மாற்ற அனுமதிக்கும் அரசின் கடிதமும் கிடைத்துவிட்டது என்று ஒரு தாளைக் காட்டினார்கள். அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு, உறுதிப்படுத்துவதற்காகக் கொழும்புப் பக்கம் ஓர் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கிருந்த உத்தியோகத்தர் தாளை ஒருமுறை படித்தார். ஒன்றும் சொல்லாமல் கோவையின் பின்னட்டையைத் திருப்பி, நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, ஒருபக்கம் இலங்கை என்றும் மறுபக்கம் சிங்கப்பூர் என்றும் எழுதினார். சிங்கப்பூர்ப் பக்கத்தில் 10 தொன்னைக் கழித்தார். அதே 10 தொன்னை இலங்கைப் பக்கத்தில் கூட்டினார். பிறகு நிறுத்தி நிறுத்தித் தமிழிலேயே கேட்டார்: “நீங்கள் மரம் நட்டு 10 தொன் குறைக்கிறீர்கள், நல்லது. நாங்கள் அங்கீகாரம் கொடுத்தால் அந்த 10 தொன் எங்கள் கணக்கில் குறையாத மாதிரித்தான். 2030 க்கு நாங்கள் உலகத்துக்குச் சொன்ன அளவை எட்டுவதற்கு, அதை வேறு எங்கே போய் எடுப்பது? நீங்களே சொல்லுங்கள்.”

நாங்கள் கொண்டுபோன தாள், திட்டத்தைத் தொடர்ந்து ஆராய்வதில் அரசுக்கு ஆட்சேபனை இல்லை என்பதற்கு மேல் எதையும் சொல்லாத தாள் என்பது அதன் பின்னர்தான் விளங்கியது. அதைவிட அவருடைய கேள்விதான் இன்னும் மனதில் நிற்கிறது. அவர் மறுக்கவில்லை, கையூட்டு எதிர்பார்க்கவுமில்லை, உண்மையாகவே கேட்டார். வேறு யாருக்காவது இந்தக் கேள்வி வந்ததா? என்ன பதில் சொன்னீர்கள்?

சுன்னாகம் கணக்காளர்:

எங்களிடம் இதே கேள்வி வேறு வழியாக வந்தது. நான் கணக்குப் பார்க்கும் ஐஸ் தொழிற்சாலையின் கூரை முழுவதும் சூரியத் தகடு போட்டோம். யப்பானோடு இலங்கை 2022 ஒக்ரோபரில் கைச்சாத்திட்ட கூட்டுக் கிரெடிற் பொறிமுறையில் (திட்டத்தின் கிரெடிற்றை இரு நாடுகளும் பகிரும் ஏற்பாடு) இதைச் சேர்க்கலாமா என்று ஓர் ஆலோசகரை அழைத்தோம். அவர் மேசையில் பரப்பிய கடதாசிகளுக்குள் வங்கிக்கு நான் எழுதிக்கொடுத்த கடன் விண்ணப்பமும் இருந்தது. மின்கட்டணச் சேமிப்பைக் கொண்டே நான்கு ஆண்டுக்குள் முதலைத் திருப்பிவிடலாம் என்று அதில் அட்டவணை போட்டுக் காட்டியிருந்தேன். வங்கி முகாமையாளர் பாராட்டிய அட்டவணை அது. ஆலோசகர் அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்தபடியே, “இதை நீங்கள் எப்படியும் செய்திருப்பீர்கள்” என்றார். கிரெடிற் பணம் இல்லாமலே நடக்கும் வேலைக்குக் கிரெடிற் இல்லை என்பதால் விண்ணப்பம் அத்தோடு முடிந்தது.

வேலணையாரின் உத்தியோகத்தர் கேட்டதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். 2021 இல் இலங்கை கொடுத்த தேசியப் பங்களிப்பில் (பரிஸ் காலநிலை உடன்படிக்கையின் கீழ் ஒவ்வொரு நாடும் கொடுக்கும் வாக்குறுதி), 2030 வரையான காலத்தில் வழமைப்படி போனால் வரக்கூடிய வெளியீட்டை 14.5 சதவீதத்தால் குறைப்பதாகச் சொல்லியிருக்கிறது. அதில் 4 சதவீதம் எந்த நிபந்தனையும் இல்லாமல் நாங்களே செய்வது, மிகுதி 10.5 சதவீதம் வெளியுதவி கிடைத்தால் செய்வது. மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து எடுப்பதும் அதே ஆவணத்தில் இருக்கிறது. ஆகவே கூரைச் சூரிய மின் போன்ற, பணம் கொண்டுவரும் வேலையை நாடு தன் கணக்குக்கென்றே வைத்துக்கொள்ளும். பிறர் பணம் இல்லாமல் நடக்கவே நடக்காத வேலையைத்தான் வெளியே கொடுக்க மனம் வைக்கும். இலாபம் வரும் திட்டத்தோடு போய்க் கதவைத் தட்டுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். எனக்கு மட்டும், அந்த அட்டவணையை அத்தனை அழகாகப் போடாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற எண்ணம் போகவில்லை.

சூரிச் புங்குடுதீவான்:

கணக்காளர் அரசின் பக்கத்தை மட்டுமே பார்க்கிறார். வாங்கும் நாட்டுக்கும் தன் கடிதம் இருக்கிறது. இரண்டு அரசுகளும் அங்கீகரிக்காமல் இங்கே ஒரு தொன்கூட நகராது. சுவிற்சர்லாந்தில் பெற்றோல், டீசல் இறக்குமதி செய்பவர்கள் தங்கள் எரிபொருளால் வரும் வெளியீட்டில் ஒரு பகுதியை ஈடுசெய்யச் சட்டத்தால் கட்டாயப்படுத்தப்பட்டவர்கள். அந்தச் செலவை லீற்றருக்கு 5 றாப்பன் (சுவிஸ் சதம்) வரையில் எங்களிடமே அறவிடுகிறார்கள். அந்தப் பணத்தில்தான் பாங்கொக் நகரின் மின்சாரப் பேருந்துகளிலிருந்து 1,916 தொன் வாங்கப்பட்டது. பரிஸ் உடன்படிக்கையின் கீழ், ஒரு நாட்டின் இலக்குக்காக இன்னொரு நாட்டிலிருந்து மாற்றப்பட்ட முதல் கிரெடிற் என்று 2024 தொடக்கத்தில் செய்தி வந்தது அதைப் பற்றித்தான். அதற்கும் முதலில் இரு நாட்டுக்கும் இடையே ஒப்பந்தம் வேண்டும். சுவிஸ் இவ்வகையில் செய்த முதல் ஒப்பந்தம் 2020 இல் பெருவோடு.

என் அனுபவம் சிறியது. எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில், கோடை விடுமுறைக்கு ஊருக்குப் பறக்கும் குடும்பங்கள் ஆளுக்கொரு தொகை போட்டுத் தீவுப்பகுதிக் கண்டல் காட்டின் காபனை வாங்கலாம் என்று தீர்மானிக்கும் நிலைக்கு வந்தோம். அப்போது, இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை எழுந்து, “இலங்கையும் அதைத் தன் கணக்கில் எழுதும், நாங்களும் எங்கள் பயணத்துக்கு எழுதுவோம்; குறைந்தது ஒரு தொன், சொல்லிக்கொள்வது இரண்டு பேர், அப்படித்தானே மாமா?” என்று கேட்டாள். கடைசி வரிசையில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தவரும் நின்றுவிட்டார். தலைவர் அந்த விடயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்; அது இன்னும் ஒத்திவைத்தபடியே இருக்கிறது. சொந்த விருப்பத்தில் வாங்குகிறவர்களுக்கு அங்கீகாரக் கடிதம் கட்டாயமில்லை என்று பிறகு அறிந்தேன். ஆனாலும் அவள் கேட்டதற்கு அது பதிலாகாது.

நல்லூர் ஓய்வூதியர்:

சூரிச் தம்பியின் கூட்டத்தில் எழுந்த பிள்ளையின் கேள்விக்கு மறுமொழி மிக எளிது. ஒரே காணியை இருவருக்கு உறுதி எழுதிக் கொடுக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே இருக்கிறது.

நான் சேவையிலிருந்த நாளில், மலைநாட்டுச் சிறு நீர்மின் திட்டங்கள் பரிஸ் உடன்படிக்கைக்கு முந்திய கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் கிரெடிற் பெற்ற காலத்தில், ஒரு கூட்டத்துக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். முதலீட்டாளர் ஒருவர், “அமைச்சர் மாறினால் இந்தக் கடிதம் என்னாகும்?” என்று கேட்டார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்துக் கடிதத்தால் நாட்டுக்கு ஒரு நட்டமும் இல்லை. வளர்முக நாடுகளுக்கு இலக்கே இருக்கவில்லை; திட்டம் நாட்டின் வளர்ச்சிக்கு உதவுகிறது, விருப்பத்தோடுதான் பங்கேற்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் போதும். இப்போது ஒவ்வொரு நாட்டுக்கும் இலக்கு உண்டு. அதனால்தான் பழைய நினைப்போடு வருகிற தரகர்கள் கடிதத்தைச் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அலுவலகங்களில் அது ஏன் மேசையிலிருந்து நகர்வதில்லை என்பதும் அவர்களுக்கு விளங்குவதில்லை.

கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். கடிதம் கைக்கு வந்தால் முதலில் எதற்காக அங்கீகரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வாங்கும் நாட்டின் இலக்குக்கா, சர்வதேச விமான நிறுவனங்கள் தங்கள் வெளியீட்டை ஈடுசெய்யும் திட்டத்துக்கா, வேறு நோக்கத்துக்கா என்று அதில் இருக்க வேண்டும். ஒன்றுக்குக் கொடுத்த கடிதத்தை வைத்து மற்றொன்றுக்கு விற்க முடியாது. கயானா தன் காட்டுக் கிரெடிற்றுகளை 2024 இல் விமான நிறுவனங்களின் பயன்பாட்டுக்கு ஏற்றதாக அங்கீகரித்தபோது இதையெல்லாம் தெளிவாக எழுதித்தான் செய்தது. இரண்டாவது, எத்தனை தொன், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்று பாருங்கள். எல்லை இல்லாத கடிதத்தைக் கண்டால் மகிழ வேண்டாம், அதைக் கொடுத்தவர் கணக்குப் பார்க்கவில்லை என்று கொள்ளுங்கள். மூன்றாவதாக, முதல் கைமாற்றம் எப்போது நடந்ததாகக் கொள்ளப்படும் என்பது. மற்றொரு நாட்டின் இலக்குக்கென்றால் கிரெடிற் நாட்டைக் கடக்கும்போது. வேறு நோக்கமென்றால் அங்கீகரித்த நாளா, கிரெடிற் வழங்கிய நாளா, பயன்படுத்திய நாளா என்பதை அரசே தெரிவு செய்து எழுத வேண்டும். அந்தக் கைமாற்றம் நடந்தால்தான் நாட்டின் கணக்கில் சரிக்கட்டல், அதாவது கொடுத்த தொன்னைத் திரும்பக் கூட்டுவது, விழுகிறது.

அமைச்சர் மாறுவதைப் பற்றி அன்று கேட்டவருக்கும் பதில் 2024 இல்தான் வந்தது. அங்கீகாரத்தில் பின்னர் செய்யும் திருத்தம் ஏற்கெனவே முதல் கைமாற்றம் நடந்த கிரெடிற்றைத் தொடாது என்று பாக்கு நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் முடிவு செய்தார்கள். கடிதத்திலோ ஒப்பந்தத்திலோ வேறு விதமாக முன்கூட்டியே எழுதியிருந்தால் மட்டும் தொடலாம். ஆகவே அந்த விதிவிலக்கு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இதைவிட, ஐக்கிய நாடுகள் சபையின் கீழுள்ள கிரெடிற் பொறிமுறையில் ஒவ்வொரு வழங்கலிலும் 5 சதவீதம் காலநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தகவமைத்துக்கொள்ள உதவும் நிதிக்கும், 2 சதவீதம் எவருக்கும் விற்காமல் நீக்குவதற்கும் போகும். கையில் வரும் தொகையைக் கணக்கிடும்போது அதைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். சிங்கப்பூரோடு 2023 இல் கைச்சாத்தானது புரிந்துணர்வு உடன்படிக்கை. அதை மட்டும் காட்டி வியாபாரம் பேசுகிறவரிடம் நடைமுறைப்படுத்தும் ஒப்பந்தம் எங்கே என்று கேளுங்கள். தரகர் பதில் சொல்ல எடுக்கும் நேரமே போதிய தகவல்.

அறிவியல் நகர் மாணவி:

ஐயா சொன்னவை எல்லாம் சரி. ஆனால் கடிதத்தை யார் வாங்குகிறார்கள் என்பதை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். ஆய்வுக்காக நீரேரிக் கரையில் கண்டல் மரங்களின் சுற்றளவை அளந்துகொண்டிருந்த நாளில் திட்டத்தார் சம்மதக் கூட்டம் வைத்தார்கள். காட்டியவை ஆங்கிலத்தில், கையெழுத்து வாங்கிய படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். சிறகுவலை வைக்கும் ஓர் ஐயா எழுந்து, “இதில் கையெழுத்து வைத்தால் காய்ந்த கம்பு பொறுக்கலாமா, நண்டுக்கு இறங்கலாமா?” என்று கேட்டார். திட்டத்தாரில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் திரையைப் பார்த்தார். விடை எந்தப் பக்கத்திலும் இல்லை.

கண்டல் நிற்கும் நிலம் பெரும்பாலும் அரசினுடையது. வனத்திணைக்களம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் என்று இடத்துக்கிடம் பொறுப்பும் மாறும். இப்படியான இடத்தில் காபனுக்கு உரியவர் யார் என்பது தீராமல் நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில் சரிக்கட்டல் நடந்து என்ன பயன்? கணக்காளர் சொன்ன ‘பிறர் பணம் இல்லாமல் நடக்கவே நடக்காத வேலை’ என்ற வரையறைக்குள்ளும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் கரையில் பல இடங்களில் கண்டல் தானாகவே வளர்ந்து வருகிறது. நீரோட்டத்தை மறிக்காமல் விட்டாலே போதும். சேறு அள்ளிக் கன்று நட்ட இடங்கள் சிலவற்றில் ஒரு மாரிக்குப் பிறகு குச்சி மட்டும் நின்றதையும் கண்டேன். நட்ட கன்றின் எண்ணிக்கையை வைத்துத் தொன் கணக்குப் போடுகிறவர்களிடம் ஐயாவின் கேள்விகளுக்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும்.

சூரிச் புங்குடுதீவான்:

தங்கை சொல்வதால் ஒன்று நினைவுக்கு வருகிறது. காடு வளர்த்துச் சேமிக்கும் காபனைச் சுவிஸ் தன் வெளிநாட்டுத் திட்டங்களில் ஏற்பதில்லை. மரம் நாளைக்கு எரியலாம், அழுகலாம் என்பதுதான் காரணம். எனவே வேலணைக் கரைக்கு எங்கள் றாப்பன் வரும் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சுன்னாகம் கணக்காளர்:

தானாக வளரும் கண்டல் என் வாதத்துக்கு எதிரானதல்ல, மாறாக அதற்குச் சார்பானது. தானாக வருவதற்கு அரசு ஏன் கடிதம் கொடுக்க வேண்டும்? நல்லூர் ஐயாவிடம் ஒன்று மட்டும்: தொன்னின் எல்லையைப் பார்க்கச் சொல்கிறீர்கள், சரி, ஆனால் சிறு சங்கத்துக்கு அந்த எல்லை சிறிதாக விழுந்தால், அளவீடு, சரிபார்ப்பு, பதிவு ஆகியவற்றின் செலவு விற்கிற தொகையைத் தாண்டிவிடும். பல சங்கங்கள் ஒரே திட்டமாகச் சேராவிட்டால் கடிதம் வந்தும் பயனில்லை. தனியாக விண்ணப்பிக்கச் சொல்லி ஆசை காட்டுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

வேலணைக் கரை:

எல்லோருக்கும் நன்றி. நல்லூர் ஐயாவின் கேள்விகளைத் தாளில் எழுதி நிறுவனத்தாருக்கு அனுப்பினோம். எந்த நோக்கத்துக்கு அங்கீகாரம் கேட்கிறார்கள் என்பதற்கு, ‘சந்தை நிலவரத்தைப் பொறுத்து’ என்று பதில் வந்தது. சங்கத்தில் பாதிப் பேர் அவர்களை விட்டுவிடலாம் என்கிறார்கள். மீதிப் பேர் நட்ட கன்றுக்குக் கூலியாவது வரட்டும் என்கிறார்கள். மாணவித் தங்கை சொன்ன சம்மதப் படிவத்தின் தமிழ் வடிவமும், கம்பு, நண்டு பற்றிய எழுத்துமூல உறுதியும் இல்லாமல் இனிக் கையெழுத்தில்லை என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்றாக நிற்கிறோம். தங்கையின் கூட்டத்தில் பேசிய சிறகுவலை ஐயா எந்தக் கரை என்று தெரிந்தால் சொல்லுங்கள். அவரையும் எங்கள் கூட்டத்துக்கு அழைக்க விரும்புகிறோம்.