எண்ணெய் முகத்துக்கும் வறண்ட முகத்துக்கும் ஒரே க்ரீம் சரிவருமா?

வணக்கம் தோழிகளே. ஊர் கிருஷ்ணகிரி, வேலை ஓசூரில். மதியத்துக்குள் எனக்கு நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிகிறது. கன்னம் மட்டும் முகம் கழுவியதும் இழுத்துப் பிடிக்கிறது. தாடையோரம் பொடிப் பருக்கள் வேறு. தங்கைக்கோ முழுக்க வறண்ட சருமம். ஓசூர் ஹாஸ்டல் குளிரில் உதட்டோரம் தோல் உரிகிறது. அம்மாவைக் கேட்டால் இருவருக்கும் கடலைமாவுதான்!

எனக்கு 2 சதவீத சாலிசிலிக் ஆசிட் (துளைகளில் அடைந்த எண்ணெயை நீக்கி பருவைக் குறைக்கும் அமிலம்) ஃபேஸ்வாஷ், ஜெல் மாய்ஸ்சரைசர். அவளுக்கு நுரைக்காத க்ளென்சர், செராமைடு (தோலின் ஈரத்தைக் காக்கும் கொழுப்பு) க்ரீம். இப்படி யோசித்து வைத்திருக்கிறேன். அந்த ஃபேஸ்வாஷ் கன்னத்தை இன்னும் காயவைக்குமா? இரவில் மட்டும் போட்டால் போதுமா? அப்புறம், வியர்வையோடு வழிந்து கண்ணை எரிக்காத எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) 30 சன்ஸ்கிரீன் எது?

சிவப்பழகு க்ரீம் மட்டும் சொல்லாதீங்க, சிலவற்றில் ஸ்டீராய்டு கலக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நல்ல தோல் டாக்டர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.