ஓவியச் சந்தையில் அசடு வழிந்த கதைகள்

"பிரிண்ட்தானே?"

இந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. சொன்ன இடம், எங்கள் பகுதியில் வருடா வருடம் இளவேனிலில் நடக்கும் ஓவியச் சந்தை. ஒரு சனி, ஞாயிறு தெருவை அடைத்துவிடுவார்கள். இருபுறமும் வெள்ளைக் கூடாரங்கள். வரைந்தவர்களே நின்று விற்பார்கள். மரமெல்லாம் புதுத் தளிர், வெயில் இன்னும் முறைக்கத் தொடங்காத நாட்கள். ஏழெட்டு வருடமாகப் போகிறேன். போகிறேன் என்றால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பேன். ஓவியர் யாராவது நிமிர்ந்து பார்த்தால் சட்டென்று நகர்ந்துவிடுவேன். கூடாரத்துக்குள் காலை வைத்துவிட்டால் வாங்காமல் வெளியே வரமுடியாது என்று ஒரு பயம்.

அந்த வருடம் ஒரு மீன்கொத்தி என்னை உள்ளே இழுத்துவிட்டது. குளத்துக்கு மேலே கம்பியில் உட்கார்ந்து கீழே பார்க்கிறது. அவ்வளவுதான் படம். ஆனால் அந்த நீலம்! படத்துக்குக் கீழே பென்சிலில் 7/12 என்று எழுதியிருந்தது. நானாகப் பேச்சைத் தொடங்கினேன்.

"டிசம்பர்ல வரைஞ்சதாம்மா?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது தேதி இல்லையாம். மொத்தம் பன்னிரண்டு எடுத்திருக்கிறார், இது ஏழாவது.

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். என் வியாபார மூளை விழித்துக்கொண்டது. "ஓ, பிரிண்ட்தானே? அப்ப வேணுங்கறப்ப இன்னும் எடுத்துக்கலாம். விலையைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

அவர் கோபப்படவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து, துணியில் சுற்றிய எதையோ எடுத்துப் பிரித்தார். பழுப்பு நிறத்தில் ஒரு லினோலியத் துண்டு. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து சணல் துணிமேல் படியவைத்துச் செய்வது. 1860களில் தரைவிரிப்பாகத்தான் அது பிறந்தது, பிறகு ஓவியர்கள் அதைச் செதுக்கப் பிடித்துக்கொண்டார்கள். அவர் நீட்டிய துண்டில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எல்லாம் செதுக்கிப் போயிருந்தது. ஒரு கண், அலகின் விளிம்பு, இறக்கையில் சில கீற்று, நீளமாக ஒரு கம்பி. இவைமட்டும் மேடாக நின்றன.

"இவ்வளவுதாங்க மிச்சம்," என்றார்.

பிறகு விளக்கினார். முதலில் வெள்ளையாக இருக்கவேண்டிய இடங்களைச் செதுக்கிவிட்டு, எல்லாத் தாளிலும் மஞ்சளை ஒற்றவேண்டும். அடுத்து, மஞ்சளாகவே இருக்கவேண்டிய இடங்களை அதே துண்டில் செதுக்கிவிட்டு, அதே தாள்களில் இளநீலம். பிறகு இன்னும் செதுக்கி அடர்நீலம். கடைசியில் கறுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் துண்டு கரைந்துகொண்டே போகும். "பதிமூணாவது வேணும்னா மஞ்சள்ல இருந்து ஆரம்பிக்கணும். மஞ்சள் அடிச்ச பலகை இப்ப எங்க இருக்கு?" பதினெட்டுத் தாளில் தொடங்கினாராம். நிறம் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் ஆறு வீணாகிப் போயின. ஆக, பன்னிரண்டு என்பது அவர் போட்ட கணக்கு இல்லை, தப்பிப் பிழைத்தவற்றின் எண்ணிக்கை.

1950களின் இறுதியில் பிக்காசோ இந்த முறையில் நிறையச் செய்திருக்கிறார் என்று பிறகு படித்தேன். அச்சுப்படம் சந்தைக்கு வந்ததும் நேற்றில்லை. 1505-ல் ஜெர்மானிய ஓவியர் டியூரர் வெனிஸில் இருந்தபோது, அவர் மனைவி ஆக்னஸ், ஃபிராங்ஃபர்ட் நகரத்துச் சந்தைக்குப் போய் அவருடைய அச்சுகளை விற்றிருக்கிறார். அங்கேயும் எவனாவது ஒருவன் "பிரிண்ட்தானே" என்றிருப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். எண் போட்டிருப்பதெல்லாம் இப்படிக் கையால் ஒற்றியது இல்லை. ஓவியத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் பிரிண்டரில் எடுத்துவிட்டு, அதற்கும் கீழே எண் போடுகிறார்கள். அது மோசடி ஒன்றும் இல்லை, ஆனால் அது வேறு பொருள். படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். கையால் ஒற்றியதில் மை லேசாகத் தடித்து நிற்கும், நிறத்தின் ஓரத்தில் மெல்லிய மேடு தெரியும். சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள்.

சரி, என் மானம் போனது போதும். நீங்கள் உளறியதையும் கீழே எழுதுங்கள்.

* * *

உளறியதா? நான் நேரே சண்டைக்கே போனவள்.

ஒரு வசந்தத்தில் வாட்டர்கலர் ஒன்று வாங்கினேன். மதில்மேல் சரியும் காகிதப்பூக் கொடி. கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு. வீட்டில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன், வருகிற எல்லோரும் பார்க்கட்டும் என்று. இரண்டு வருடத்தில் பூவெல்லாம் பலமுறை துவைத்த ரவிக்கை மாதிரி வெளிறிவிட்டது. இலைகள்மட்டும் பச்சையாக அப்படியே. மூன்றாம் வருடம் படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அதே மரத்தடி, அதே பெண்.

"மேடம், நீங்க வித்தது சாயம் போற பெயிண்டிங்."

அவர் பதில் சொல்லவில்லை. ஃபிரேமைப் பின்பக்கம் திருப்பி, ஆணிகளைத் தளர்த்திப் படத்தை வெளியே எடுத்தார். சுற்றிலும் அட்டை மூடியிருந்த கால் அங்குல ஓரத்தில் பழைய இளஞ்சிவப்பு அப்படியே இருந்தது! நாங்கள் இரண்டுபேரும் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றோம். நான் வாங்கிய படம் ஒரு நூலிழை அகலத்துக்கு உயிரோடு இருந்தது.

"வெயில் படுமா?" என்றார்.

"வெயிலெல்லாம் படாது. வெளிச்சம்தான் வரும்."

"வெளிச்சம் போதும்," என்றார். பிறகு அவரே சொன்னார், தப்பு என்னுடையது மட்டும் இல்லை என்று. எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காக ஒளிரும் இளஞ்சிவப்பு ஒன்றைக் கலந்திருக்கிறார். அந்தச் சாயம் ஒளியைத் தாங்காது. பழைய ஆசாமிகள் விரும்பிய அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பும் அப்படித்தானாம். இப்போது அவர் குயினக்ரிடோன் நிறமிகளுக்கு மாறிவிட்டார், அவை நீண்டநாள் நிற்கும். வண்ணக் குழாயின்மேல் நிறமியின் குறியீட்டு எண் பொடி எழுத்தில் இருக்கும், அதைப் பார்த்து வாங்குகிறாராம்.

வான் கோவின் படுக்கையறை ஓவியம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 1888-ல் வரைந்தபோது அந்தச் சுவர் ஊதா. சிவப்பு நிறமி வெளிறிப்போய் இன்று நாம் பார்ப்பது நீலம். இதையும் அவர்தான் சொன்னார். எனக்கு அப்போது ஆறுதலாக இல்லை, உண்மையைச் சொன்னால் இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கடைசியில் என் படத்தை எடுத்துக்கொண்டு வேறொன்று கொடுத்தார். புதியது எங்கள் நடையில், ஜன்னலுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருக்கிறது. அடுத்த வருடம் போனேன். அவர் கூடாரத்தில் விற்பனைக்கு இல்லாத படம் ஒன்று தொங்குகிறது. அட்டை இல்லாமல், ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிய, என் காகிதப்பூ! கீழே ஒரு சீட்டு: "ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்." எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கிடைத்த புகழ்.

* * *

நான் கலை ரசிகன் எல்லாம் இல்லை. மழைக்கு ஒதுங்கியவன்.

வசந்தத்து மழைதான் தெரியுமே, சொல்லாமல் வரும், காற்றையும் கூட்டிக்கொண்டு வரும். பக்கத்துக் கூடாரம் ஒன்று அப்படியே எழும்பியது. நான் நின்ற கூடாரத்துப் பெரியவர் "தம்பி, அந்தக் காலைப் பிடி!" என்று கத்தினார். பிடித்தேன். இருபது நிமிடம் அவர் ஒரு கால், நான் ஒரு கால். இருவரும் பேசிய ஒரே விஷயம், கூரைத் துணியில் தண்ணீர் தேங்கினால் துடைப்பத்தால் கீழேயிருந்து குத்தித் தள்ளவேண்டும் என்பது. மழை விட்டது. நன்றி சொன்னார், போய்விட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது, சுவர் முழுக்க என்ன படம் இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. அடுத்த வருடம் தேடினேன், அவரைக் காணவில்லை. தண்ணீர் நிரப்பிய கனமான வாளிகளைக் காலுக்கு ஒன்றாகக் கட்டிய புத்திசாலிகள்மட்டும் வந்திருந்தார்கள்.

* * *

மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவன் நான். மண்பாண்டம் செய்கிறேன்.

உங்களுக்கு ஒரு ரகசியம் சொல்கிறேன், நீங்கள் உளறுவதெல்லாம் எங்களுக்குப் பெரிதில்லை. "இத நானே செஞ்சிருவேன்" என்பவர் மணிக்கு ஒருவர் வருவார். "செய்ய எவ்வளவு நேரமாச்சு?" என்பது எல்லோரும் கேட்பது. 1878-ல் லண்டன் நீதிமன்றத்தில் விஸ்லர் என்ற ஓவியரிடம் இதைக் கேட்டார்கள். விலை கேட்பது அந்த உழைப்புக்கு அல்ல, வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்கு என்று பதில் சொன்னார். அதையே திருப்பிச் சொல்லும் ஓவியர்கள் சந்தையில் நிறைய. எனக்கு அதைச் சொல்லக் கூச்சம். சக்கரத்தில் ஆறு நிமிடம், காயப் பத்து நாள், சூளைக்கு இரண்டு தடவை, என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

அசடு வழிந்தது நான்தான். ஒரு வருடம் ஒரு பாட்டி, மூடி போட்ட ஜாடியோடு வந்தார். முந்தின வருடம் என்னிடம் வாங்கியது. மூடி உடைந்துவிட்டது, "இன்னொரு மூடி மட்டும் குடு தம்பி" என்றார். எனக்கு அன்று கூட்டம். "மூடி தனியா வராதும்மா, புது ஜாடி வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் திரும்பிவிட்டேன். சொன்னதில் பொய் இல்லை. நான் பயன்படுத்தும் மண் காய்ந்து வெந்து முடிவதற்குள் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கும். மூடியையும் ஜாடியையும் ஒரே நாளில், ஒரே மண்ணில் செய்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்தே காயவைப்போம். இரண்டும் சேர்ந்து சுருங்கினால்தான் பொருந்தும்.

பாட்டி நகரவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாள் கீற்றை எடுத்து, ஜாடியின் வாயைச் சுற்றி வைத்து, நகத்தால் மடித்து என்னிடம் நீட்டினார். "அளவு இதுதான். அடுத்த வருஷம் வரேன்."

அந்தக் கீற்று வருடம் முழுக்கச் சக்கரத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. அளவைப் பெருக்கி மூன்று மூடி செய்தேன். ஒன்று சூளையில் கோணிவிட்டது. மீதி இரண்டையும் சந்தைக்குக் கொண்டுபோனேன். ஞாயிறு மத்தியானம் வந்தார், ஜாடியோடு. முதல் மூடி உள்ளே விழுந்தது. இரண்டாவது உட்கார்ந்தது, ஆனால் கொஞ்சம் ஆடியது, தொட்டால் கடகடவென்று சத்தம்.

"சரியா உக்காரலம்மா," என்றேன்.

ஆட்டிப் பார்த்தார். "திறந்தா எனக்குக் கேக்கும்," என்று சொல்லி ஜாடியைப் பைக்குள் வைத்துக்கொண்டார். யார் திறப்பார்கள், உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

* * *

ஆரம்பித்தவன் மறுபடி வந்திருக்கிறேன். காகிதப்பூ அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் முதல் வேலையாக எழுந்துபோய் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தேன். ஜன்னல் பக்கவாட்டில்தான் இருக்கிறது. மழைத்தம்பிக்கு: அந்தப் பெரியவரைக் கண்டால் இங்கே கட்டாயம் சொல்லுங்கள்.

வாங்கினாயா இல்லையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அன்று வாங்கவில்லை. பேரம் பேசிய வாயோடு உடனே பணத்தை எடுக்க வெட்கமாக இருந்தது. மறுநாள் போனபோது ஏழாவது போயிருந்தது. மிச்சமிருந்தது பதினொன்றாவது. அதில் இளநீலம் அரை மில்லிமீட்டர் விலகி, அலகுக்குக் கீழே ஒரு மஞ்சள் கீற்று தெரிந்தது. அவரே அதைக் காட்டி, "இது கொஞ்சம் தள்ளியிருக்குங்க" என்றார். சொன்ன விலைக்கு வாங்கினேன். இப்போது எனக்கு அந்த மஞ்சள் கீற்றுத்தான் முதலில் தெரிகிறது. வருகிறவர்களுக்கு நான் காட்டுவதும் அதைத்தான்.

இந்த வருடமும் போயிருந்தேன். அவர் இருந்தார். இம்முறை நாரை. நான் பேச்சுக்கொடுத்துக்கொண்டு நிற்கும்போதே பக்கத்தில் ஒரு ஆள் குனிந்து பென்சில் எழுத்தைப் படித்தார், விலைச்சீட்டைப் பார்த்தார், நிமிர்ந்தார். "ஏங்க, இது பிரிண்ட்தானே?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்தார்.