எதிர்க்காற்று திடீரென அடங்கினால் விமானம் ஏன் பொத்தென்று விழுகிறது?

பயிற்சி விமானி:
வணக்கம். நேற்று மதியம் ஓடுதளத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தபோது செஸ்னா 172 என்ற சிறிய, ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று இறங்கி வந்தது. நடுக்கோட்டை விட்டு விலகாத, குறை சொல்ல முடியாத அப்ரோச் (இறங்குவதற்காக ஓடுதளத்தை நெருங்கும் கட்டம்). ஓடுதள விளிம்பைத் தாண்டி ஓரிரு ஆள் உயரத்தில் இருந்தபோது சட்டென்று கீழே விழுந்தது. விழுந்த வேகத்தில் எகிறியது, மூக்கைக் கவிழ்த்தபடி மறுபடி விழுந்தது. அதற்கடுத்த எகிறலில் மூக்குச் சக்கரத்தின் கால் மடிந்து, புரொப்பெல்லர் தரையில் உரசி நின்றுவிட்டது. உள்ளே இருந்த இருவரும் தாங்களாகவே இறங்கி நடந்து வந்தார்கள். அதுதான் பெரிய நிம்மதி.

அதுவரை விறைப்பாக நின்ற விண்ட்சாக் (காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டும் துணிக்குழாய்), விமானம் விழுந்த நேரத்தில் துவண்டு தொங்கியதை நான் பார்த்தேன். என் சந்தேகம் இதுதான். பறக்கும் விமானம் காற்றோடு சேர்ந்தே நகர்கிறது, காற்று எவ்வளவு வேகமாக அடித்தாலும் இறக்கைக்குத் தெரியாது என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் காற்று அடங்கியதற்கு ஏன் விழ வேண்டும்?

வால்சக்கரம்:
நீங்கள் படித்தது சீராக வீசும் காற்றுக்குப் பொருந்தும். காற்று மாறும் அந்தச் சில நொடிகளுக்குப் பொருந்தாது. நான் பயிற்சி கொடுப்பவன். மாணவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் குழம்புகிறார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

ஏர்ஸ்பீட், அதாவது காற்றைப் பொறுத்த வேகம், 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்), எதிர்க்காற்று 12 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையைப் பொறுத்து விமானத்தின் வேகம் 53. இப்போது காற்று ஒரே மூச்சில் 2 நாட்டுக்கு இறங்குகிறது. ஒரு டன் எடையுள்ள விமானம் அந்த நொடியே வேகம் எடுத்துவிடாது, 53-லேயே நிற்கும். ஆக, இறக்கை மேல் ஓடும் காற்று 55 நாட்தான். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 65 இருந்த இடத்தில் 55 என்றால், தூக்குவிசையில் கிட்டத்தட்ட 28 சதவீதம் போய்விட்டது. இன்னும் ஸ்டால் ஆகவில்லை (இறக்கை மேல் காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை சரியவில்லை), ஆனால் எடையைத் தாங்க இறக்கைக்குப் பலம் போதவில்லை. ஆயிரம் அடி உயரத்தில் இது ஒரு சின்னக் குலுக்கல். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தை மீட்டுவிடலாம். பத்தடி உயரத்தில் தாழ்த்த இடம் ஏது?

இதே 10 நாட் இழப்பு 135 நாட்டில் வரும் ஜெட்டுக்கு நேர்ந்தால் தூக்குவிசையில் சுமார் 14 சதவீதம்தான் குறையும். ஆனால் கனமான ஜெட் வேகத்தை மீட்க நேரமாகும். சிறிய விமானம் சீக்கிரம் மீளும், ஆனால் அதன் வேகக் கையிருப்பு குறைவு.

அந்த நேரத்தில் மூக்கை உயர்த்த, கை தானாக யோக்கை (விமானியின் கைப்பிடி) இழுக்கும். வேகம் இல்லாத விமானத்தில் அதிகம் இழுத்தால் ஸ்டாலை நாமே கூப்பிட்டுக் கொள்கிறோம். முதலில் முன்னே போக வேண்டியது எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டில், முழுதாக. கூடவே வலது ரட்டர் (மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வால் சுக்கான்), இல்லாவிட்டால் எஞ்சின் மூக்கை இடப்பக்கம் இழுத்துவிடும். மூக்கு இருக்கிற நிலையிலேயே இருக்கட்டும். தரையைத் தொட்டு எகிறினாலும் இதேதான்: பவர், கோ-அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறுவது), இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் முழுதாக இறங்கியிருந்தால் உடனே 20 டிகிரிக்கு. எகிறிய விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளி ஓடுதளத்தில் உட்கார வைக்கப் பார்க்கவே கூடாது. நீங்கள் பார்த்த கால் அப்படித்தான் மடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மூக்குச் சக்கரம் முதலில் பட்டால் ஒவ்வொரு எகிறலும் முந்தையதைவிட மோசமாகும்.

கிளைடர்காரன்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். காற்று அப்படியே வீசிக்கொண்டிருந்தாலும் கீழே இறங்க இறங்க அது குறைந்துகொண்டே வரும். மரம், கட்டடம், புல்தரை எல்லாம் காற்றை இழுத்துப் பிடிக்கின்றன. காற்று வரும் பக்கம் ஒரு ஹேங்கர் (விமானக் கொட்டகை) இருந்தால் அதன் பின்னால், அதன் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்குச் சுழலும் காற்றுதான். அந்த விமானம் விழுந்த இடத்துக்கு நேராகக் காற்று வரும் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

கிளைடர் ஓட்டும் எங்களுக்கு எஞ்சின் கிடையாது, கோ-அரவுண்டும் கிடையாது. அதனால் எதிர்க்காற்றில் பாதியை முதலிலேயே அப்ரோச் வேகத்தில் கூட்டிக்கொண்டுதான் வருவோம்.

பயிற்சி விமானி:
இருவருக்கும் மிக்க நன்றி. கணக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. காற்று வரும் பக்கம் இரண்டு ஹேங்கர்கள் இருக்கின்றன, நடுவே ஒரு சந்து! எஞ்சின் உள்ள விமானத்திலும் பாதிக் காற்றைக் கூட்டலாமா? எங்கள் ஓடுதளம் நீளம் குறைவு.

வால்சக்கரம்:
நாங்கள் முழுக் காற்றில் பாதியைக் கூட்டுவதில்லை, சீரான காற்றுக்கும் வீச்சுக்கும் (திடீரென எழும் காற்றின் உச்ச வேகம்) உள்ள வித்தியாசத்தில் பாதிதான். வானிலை அறிக்கையில் காற்று 12, வீச்சு 24 என்றிருந்தால் வித்தியாசம் 12, அதில் பாதி 6. 65-க்குப் பதில் 71 நாட். அதற்கு மேல் கூட்டாதீர்கள். வேகம் 10 சதவீதம் ஏறினால் தரையில் ஓடும் தூரம் ஏறக்குறைய 20 சதவீதம் ஏறும். குட்டை ஓடுதளத்தின் நீளம் அதற்குப் போதாதென்றால் அன்றைக்கு அங்கே இறங்காமல், நீளமான ஓடுதளம் உள்ள வேறு தளத்துக்குப் போங்கள். எரிபொருளை அதற்கேற்பப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

இடிமேகம் பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் உதவாது. 1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸ்-ஃபோர்ட் வொர்த்தில் டெல்டா 191 என்ற பயணிகள் விமானம் ஒரு மைக்ரோபர்ஸ்ட்டுக்குள் (இடிமேகத்திலிருந்து கீழே பாய்ந்து தரையில் சிதறும் காற்று) இறங்கியது. முதலில் எதிர்க்காற்று கூடியது, அடுத்து கீழ்நோக்கிய காற்று, கடைசியில் பின்காற்று. 137 பேர் இறந்தார்கள். அது மூன்று எஞ்சின் கொண்ட லாக்ஹீட் டிரைஸ்டார். பெரிய விமான நிலையங்களில் இன்று விண்ட் ஷியர் (காற்று திடீரென மாறுவது) எச்சரிக்கைக் கருவிகளும் டாப்ளர் ரேடாரும் இருக்கின்றன. நம்மைப் போன்ற சிறு தளங்களில் பெரும்பாலும் விண்ட்சாக்தான். ஓடுதளத்தின் இரு முனையிலும் அவை இருந்து, ஒன்று ஒரு பக்கமும் மற்றொன்று வேறு பக்கமும் காட்டினால் இறங்காதீர்கள். தளத்தைச் சுற்றிப் பறந்துகொண்டே இருங்கள், அல்லது விலகிப் போய் மேகம் கடக்கும்வரை காத்திருங்கள்.

அப்புறம், அந்த ஹேங்கர்களுக்கு நடுவே உள்ள சந்து பற்றி உங்கள் தலைமைப் பயிற்சியாளரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எந்தத் திசைக் காற்றில் அது தொல்லை தருகிறது என்று எழுதி, விமானிகள் கையெழுத்துப் போடும் அறையில் ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.