100 வாட் குண்டு பல்பின் மின்தடை: கணக்கில் 529 ஓம், மீட்டரில் 38 ஓம்

கேள்வி:
வணக்கம். பாலிடெக்னிக் செய்முறைப் பதிவேட்டுக்காக, 230 வோல்ட், 100 வாட் என்று அச்சிடப்பட்ட குண்டு பல்பு ஒன்றை எடுத்துக்கொண்டேன். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் 0.435 ஆம்பியர், மின்னழுத்தத்தை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை 529 ஓம். ஆனால் பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 38 ஓம்தான் காட்டுகிறது. அதுவே உண்மையென்றால் 6 ஆம்பியர் பாய்ந்து, திறன் 1,390 வாட்டைத் தாண்ட வேண்டும். பல்போ வழக்கம்போலவே எரிகிறது. மீட்டர் பழுதா, அல்லது ஓம் விதி பல்புக்குப் பொருந்தாதா?

மறுமொழி 1:
தங்கள் மீட்டரில் பழுதில்லை. இரண்டு எண்களும் சரியானவையே. டங்ஸ்டன் இழை எரியும்போது 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறுகிறது என்பதாலும், உலோகங்களின் மின்தடை வெப்பநிலையோடு சேர்ந்து உயரும் என்பதாலும், குளிர்ந்த நிலையில் 38 ஓமாக இருப்பது எரியும் நிலையில் ஏறத்தாழ 14 மடங்காகிவிடுகிறது. மீட்டர் செலுத்தும் மிகச் சிறிய மின்னோட்டம் இழையைச் சூடாக்காது. தாங்கள் கணக்கிட்ட 6 ஆம்பியர் வெறும் கற்பனையும் அன்று: சுவிட்சைப் போட்ட முதல் கணத்தில், இழை சூடேறும்வரை, அந்த அளவு மின்னோட்டம் உண்மையாகவே பாய்கிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே பியூஸ் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுமொழி 2:
ஒப்பிட்டுப் பார்க்க, தண்ணீர் சூடாக்கும் 1,000 வாட் ஹீட்டர் ராடை அளந்து பாருங்கள். கணக்கின்படி 52.9 ஓம், மீட்டரிலும் அதற்கு நெருக்கமாகவே வரும், ஏனெனில் அதிலுள்ள நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டால் மிகச் சிறிதே மாறும். அதனால்தான் மின்னழுத்தம் 200 வோல்ட்டாகக் குறையும் வேளையில் ராடின் திறன் 756 வாட் என்று துணிந்து கணக்கிடலாம். பல்புக்கு அவ்வாறு கணக்கிட்டால், இழையின் சூடும் மின்தடையும் சேர்ந்து குறைவதால், விடை பிழையாகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. எரியும்போது உள்ள மின்தடையை நேரடியாக அளந்து காட்ட வழியுண்டா? மின்விசிறிக்கும் இதே முறையைப் பின்பற்றலாமா?

மறுமொழி 1:
230 வோல்ட்டில் அம்மீட்டரை இணைத்துப் பார்க்கும் முயற்சி ஆசிரியர் உடனில்லாமல் வேண்டாம். 12 வோல்ட், 21 வாட் வண்டி இண்டிகேட்டர் பல்பும் ஒரு பேட்டரியும் போதும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் காட்டும். எரியும் பல்பின் முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தையும் அளந்து வகுத்தால் 7 ஓமுக்குச் சற்றுக் குறைவாக வரும். அணைந்து ஆறிய பல்பின் மின்தடை ஓர் ஓமுக்கும் கீழே இருப்பதால், மீட்டர் கம்பிகளின் சொந்த மின்தடையைக் கழிக்காமல் அதைப் பதிவு செய்யாதீர்கள். மாணவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மின்விசிறிக்கு இம்முறை பயன்படாது. அதன் மின்னோட்டத்தை முடிவு செய்வது சுருளிலுள்ள செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமன்று. தூண்டலும் (மாறும் மின்னோட்டத்தைச் சுருளே எதிர்க்கும் தன்மை), சுழற்சியால் உண்டாகும் எதிர் மின்னழுத்தமும் பெரும்பங்கு வகிக்கின்றன. 230 வோல்ட்டில் 0.35 ஆம்பியர் எடுக்கும் விசிறிக்குப் பெருக்கினால் கிடைக்கும் 80.5 என்பது வோல்ட்-ஆம்பியர். திறன் காரணி, அதாவது அதில் உண்மையான திறனாகும் பங்கு, 0.93 என்றால் அது எடுக்கும் திறன் 75 வாட்.