கையெழுத்துப் போட்ட ஜெர்சிக்கு ஃபிரேம்: ஒட்டுவதா, தைப்பதா?

லெக்பிரேக்

வெள்ளை பாலியஸ்டர் கிரிக்கெட் ஜெர்சி ஒன்று. முதுகில் எண்ணுக்கு மேலே கறுப்பு பெர்மனென்ட் மார்க்கரில் கையெழுத்து, கீழ் ஓரத்தில் ஹோலோகிராம் ஸ்டிக்கர். தனியாக ஒரு சான்றிதழ். கூடவே ஒரு சிவப்புத் தோல் பந்து, அதில் வெள்ளி நிறப் பேனாவால் கையெழுத்து. எல்லாவற்றையும் ஒரே பெட்டி ஃபிரேமுக்குள் கொண்டுவர வேண்டும்.

ஃபிரேம் போடுபவர் சொன்னது இது: ஜெர்சியை இஸ்திரி போட்டு, தெர்மோகோல் அட்டையில் ஸ்ப்ரே பசை அடித்து ஒட்டுவார். மேலே சாதாரண 2 மி.மீ. கண்ணாடி. பந்துக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்க்ரூ. சான்றிதழை ஃபிரேமின் முதுகில் ஒட்டிவிடுவார். இதில் எதற்குச் சரி சொல்லலாம்? நானே செய்வதானால் அளவோடு சொல்லுங்கள். ஜெர்சியை விரித்தால் அகலம் 56 செ.மீ., உயரம் 74 செ.மீ. மாட்டப்போகும் சுவருக்கு நேர் எதிரே ஜன்னல்.

மரத்தூள்

அந்தப் பட்டியலில் ஒன்றுக்கும் தலையாட்டாதீர்கள்.

ஜெர்சித் துணி சல்லடை மாதிரி. ஸ்ப்ரே பசை நூல்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்து, சில வருடத்தில் பழுப்பேறி முன்பக்கம் தெரியும். அப்போது பிரிக்க நினைத்தால் ஆல்கஹால் மாதிரி ஒரு கரைப்பான் வேண்டும். பெர்மனென்ட் மார்க்கர் மையும் அதே ஆல்கஹாலில்தான் கரையும். பசையோடு கையெழுத்தும் போய்விடும். டபுள் சைட் டேப், ஹாட் க்ளூ எல்லாம் இதே கதைதான். குண்டூசியும் ஸ்டேப்ளரும் துருப்பிடித்துக் கறை விடும்.

இஸ்திரிப் பெட்டி கிட்டவே வரக்கூடாது. சூட்டில் மை பரவும், ஒட்டிய எண்கள் இளகி இஸ்திரியோடு வரும். நீராவிக் கருவி போதும். ஜெர்சிக்குள் ஒரு வெள்ளை அட்டையை நுழைத்துவிட்டு, 10-15 செ.மீ. தள்ளிப் பிடித்துச் சுருக்கத்தை எடுங்கள். கையெழுத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு நீராவியும் வேண்டாம். அந்த இடத்துச் சுருக்கம் உள் அட்டை போட்டதும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

உள் அட்டைதான் முக்கால்வாசி வேலை. அமிலமில்லாத 5 மி.மீ. ஃபோம் போர்டை ஜெர்சியின் உடல் வடிவத்துக்கு வெட்டுங்கள், சுற்றிலும் ஒரு செ.மீ. சின்னதாக. மூலைகளை உருட்டிவிட்டு, மேலே மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு ஒரு அடுக்கு, அதற்கு மேல் துவைத்த, சாயமில்லாத பருத்தித் துணி. ஜெர்சிக்குள் இது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இழுத்து மாட்டும்படி இறுக்கமாக இருந்தால் பின்னல் விரியும், கையெழுத்தின் கோடுகளும் சேர்ந்து விரியும். கைகளை லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து, உள்ளே பஞ்சை உருளையாகச் சுருட்டி வையுங்கள். இல்லாவிட்டால் கை தட்டையாகி அதன் மடிப்பே முதலில் கண்ணில் படும்.

இனி தையல். பின்னால் இருக்கப்போவது 4 அடுக்குப் பருத்திக்கூழ் மவுண்ட் போர்டு. அது வளையாமலிருக்க அதன் முதுகில் இன்னொரு ஃபோம் போர்டு. ஜெர்சியை அதன்மேல் வைத்து, தையல் விழும் இடங்களில் 5 மி.மீ. இடைவெளியில் இரண்டிரண்டு ஓட்டைகள் முன்கூட்டியே குத்திக்கொள்ளுங்கள். பின்னல் துணிக்கென்று முனை உருண்ட ஊசி விற்கிறது, அதையே வாங்குங்கள். கூர்முனை ஊசி நூலை அறுத்தால் ஏணி மாதிரி ஓடும். துணி நிறத்திலேயே மெல்லிய பாலியஸ்டர் நூல். ஒவ்வொரு தோள் தையலிலும் மூன்று இடம், கழுத்துப் பட்டிக்குப் பின்னால் இரண்டு, அக்குள் பக்கத்துக்கு ஒன்று, பக்கவாட்டில் இரண்டிரண்டு, கீழ் ஓரத்தில் இரண்டு. மொத்தம் 16. பாரம் முழுக்கத் தோளில் நிற்க வேண்டும், மற்றவை நகராமல் பிடிக்க மட்டுமே. தோளில் மட்டும் ஊசி தையல் விளிம்பிலேயே ஏறலாம். மற்ற இடங்களில் போர்டைத் தொடும் அடுக்கை மட்டும் குத்தினால் முன்னால் எதுவும் தெரியாது. பின்பக்கம் முடிச்சை நேராக அட்டையில் போடாமல், ஒரு சின்ன அட்டைத் துண்டை இடையில் வைத்து அதன்மேல் போடுங்கள். வெறும் முடிச்சு நாளாவட்டத்தில் அட்டையை அறுத்துக்கொண்டு முன்னால் வந்துவிடும்.

துணிக்கடையில் விலைச்சீட்டு மாட்டும் துப்பாக்கியைச் சிலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். வேகம்தான், ஆனால் அதன் ஊசி தடிமன். குத்திய இடத்தில் நூல் அறுந்திருக்கும். தூண்டில் நரம்பும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாது என்பதைத் தவிர அதில் நல்லது ஒன்றுமில்லை. பாரத்தில் துணியைக் கத்தி மாதிரி அறுக்கும்.

சுற்றிலும் 10 செ.மீ. விளிம்பு விட்டால் உள்ளளவு 76 × 94. முன்னால் 3 மி.மீ. யூ.வி. (புற ஊதாக் கதிர்) தடுக்கும் அக்ரிலிக் போடுங்கள். இந்த அளவுக்கு அது சுமார் 2.5 கிலோ வரும். அதே தடிமனில் கண்ணாடி என்றால் 5.4 கிலோ. அக்ரிலிக் சூட்டில் நீளும்: 94 செ.மீ. பலகை 20 டிகிரி வித்தியாசத்துக்கு 1.3 மி.மீ. வரை. ஃபிரேமின் பள்ளத்தில் 3 மி.மீ. தளர்வு விடாவிட்டால் வெயில் காலத்தில் வில்லாக வளைந்து உள்நோக்கித் தொப்பை போடும். அப்படி வளைந்தாலும் ஜெர்சியைத் தொடக்கூடாது என்பதால் துணியின் மிக உயர்ந்த இடத்துக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவே 10 மி.மீ. ஆவது இருக்கட்டும். பஞ்சோடு ஜெர்சி 20 மி.மீ. பிடிக்கும், ஆக ஜெர்சிக்கு மட்டும் 30-35 மி.மீ. ஆழம்.

ஐம்பதுலக்ஸ்

மரத்தூள் சொன்னதுல மாத்த ஒண்ணுமில்ல, ஆனா ஜன்னலை விட்டுட்டார். எனக்கு அதான் முதல் பிரச்சினை.

யூ.வி. தடுக்கும் பலகை போட்டாச்சு, இனி எங்க வேணா மாட்டலாம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நல்ல பலகை யூ.வி.யில 99 சதவீதம் வரைக்கும் நிறுத்தும், உண்மை. ஆனா கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமும் சாயத்தை வெளுக்கும், அதை எந்தப் பலகையாலயும் நிறுத்த முடியாது. நிறுத்தினா ஜெர்சியே தெரியாதே! கறுப்பு மார்க்கர்ல பெரும்பாலும் நாலைஞ்சு சாயம் கலந்திருக்கும். எது முதல்ல வெளுக்குதோ அதைப் பொறுத்து மிச்சம் பழுப்பாவோ ஊதாவாவோ தெரியும்.

கணக்கு எளிது, லக்ஸை (மேல விழுற வெளிச்சத்தோட அளவு) மணி நேரத்தால பெருக்கினா போதும். சாயத் துணி மாதிரி சீக்கிரம் வெளுக்கிற பொருளுக்கு மியூசியத்துல வழக்கமா வைக்கிற வெளிச்சம் 50 லக்ஸ். தினம் 8 மணி நேரம்னா வருஷத்துக்கு 1,46,000 லக்ஸ் மணி. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர்ல பகல்ல 500 லக்ஸ் விழுதுன்னு வச்சுக்குங்க, அதே 8 மணி நேரத்துக்கு இந்த ஒரு வருஷப் பங்கு 37 நாள்ல தீர்ந்துடும். ஜன்னல் இருக்கிற அதே சுவர்லயே மாட்டுங்க. நேர் வெயில் எந்த மாசத்துலயும் படாது. பெட்டிக்குள்ள எல்.ஈ.டி. பட்டை ஒட்டுற யோசனை இருந்தா அதையும் விட்டுடுங்க. சூடு உள்ளயே தங்கும், வெளிச்சம் 5 செ.மீ. தூரத்துலேர்ந்து அடிக்கும்.

அக்ரிலிக் கிடைக்கலைன்னா நடுவுல பிளாஸ்டிக் படலம் வச்ச லேமினேட் கண்ணாடி. அந்தப் படலமே யூ.வி.யை நிறுத்திடும், உடைஞ்சாலும் சில்லு துணியைக் கிழிக்காது. ஆனா 3+3 மி.மீ.ன்னா இந்த அளவுக்குப் பத்தரை கிலோவுக்கு மேல, சுவர் தாங்கணும்.

அக்ரிலிக்கைத் துடைக்க அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் ஆகாது, மேற்பரப்பு மயிரிழையா வெடிச்சு மங்கிடும். ஈர மைக்ரோஃபைபர் துணி போதும். காய்ஞ்ச துணியால தேய்ச்சா நிலைமின்சாரம் ஏறி, ஜெர்சியோட பஞ்சுத் துணுக்கெல்லாம் உள்பக்கம் வந்து ஒட்டிக்கும்.

லெக்பிரேக்

நன்றி. இடம் மாற்றிவிடலாம். இன்னும் மூன்று சந்தேகம். கையெழுத்தின் மேல் ஹேர் ஸ்ப்ரே அடித்தால் மை நிலைக்கும் என்கிறார்களே? சான்றிதழை எங்கே வைப்பது? பந்தை ஸ்க்ரூ இல்லாமல் எப்படி நிறுத்துவது?

தாள்பூச்சி

ஹேர் ஸ்ப்ரேயில் பெரும்பகுதி ஆல்கஹால். மேலே மரத்தூள் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். அடித்த மாத்திரத்தில் கோட்டின் ஓரம் கசியும், தப்பினாலும் அந்தப் பிசின் பிறகு மஞ்சளாகும். தெளிவான வார்னிஷ் ஸ்ப்ரேயும் அப்படித்தான்.

சான்றிதழை முன்னால் காட்ட வேண்டுமென்றால் ஒரு வண்ண நகலைக் காட்டுங்கள். மூலத்தைப் பாலியஸ்டர் உறையில் போட்டு இருட்டில் தட்டையாக வைப்பது நல்லது. உறை பி.வி.சி.யாக இருக்கக்கூடாது, புதுப் பிளாஸ்டிக் வாசம் தூக்கலாக அடிக்கிற உறை என்றால் சந்தேகப்படுங்கள். அதிலிருந்து கசியும் எண்ணெய்ப்பசை அச்சு மையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்.

மூலத்தையேதான் முன்னால் வைப்பேன் என்றால் நாலு மூலைக்கும் பாலியஸ்டர் மூலையுறை, தாளைச் சுற்றி ஒரு மி.மீ. தளர்வு. பசைதான் வேண்டுமென்றால் மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் பட்டைகள், கோதுமை ஸ்டார்ச் பசையில். ஸ்டார்ச் ஒரு பங்கு, தண்ணீர் நாலைந்து பங்கு. கிளறிக்கொண்டே காய்ச்சி, கண்ணாடி போலத் தெளிந்ததும் ஆறவைத்துச் சல்லடையில் தேய்த்து எடுங்கள். போஸ்டர் ஒட்டுகிற மைதா பசை இதற்குப் பதில் ஆகாது. மைதாவில் புரதமும் உண்டு. பழுப்பாகும், என் பெயர்க்காரப் பூச்சிக்கு விருந்தாகவும் அமையும். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரக்காற்றில் தாள் விரிய இடமின்றி அலை அலையாக நெளியும்.

ஹோலோகிராமைப் பெயர்த்து வேறு இடத்தில் ஒட்டும் எண்ணம் வேண்டாம். பெயர்த்தால் சிதையும்படிதான் அதைச் செய்கிறார்கள். அது இருக்கும் ஓரத்தை மடிக்காமல் தட்டையாக விட்டு, மூடுவதற்கு முன் எண் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம்_விக்கெட்

பந்துக்குள்ள தக்கையும் இறுக்கிச் சுத்தின நூலும்தான் இருக்கு. ஸ்க்ரூ ஏத்தினா தோல் தையல் பக்கம் விரிஞ்சு கொடுக்கும், இரும்பு துருப்பிடிச்சு உள்ளேர்ந்து கறை கிளம்பும். அப்புறம் அது ஓட்டை போட்ட பந்து, அவ்வளவுதான்.

ஆண்கள் ஆடுற பந்தோட சுற்றளவு 22.4லேர்ந்து 22.9 செ.மீ., அதாவது விட்டம் ஏறக்குறைய 72 மி.மீ. உள்விட்டம் 44 மி.மீ., உயரம் 12 மி.மீ. இருக்கிற அக்ரிலிக் வளையம் ஒண்ணு எடுங்க. பந்து அதுல ஏழெட்டு மி.மீ. இறங்கி உட்காரும், அடி தட்டைத் தொடாது, லேசாத் தட்டினாலும் உருளாது. வளையத்தோட உள் விளிம்பை நைஸ் உப்புத்தாளால வழிச்சு விடுங்க, கூரா இருந்தா தோல்ல வட்டமா தழும்பு விழும். பந்து வைக்கிறப்போ நைட்ரைல் கையுறை போட்டுக்குங்க. வெள்ளி மை பளபளப்புப் பூச்சு மேல சும்மா உட்கார்ந்திருக்கு, உள்ள இறங்கல. வெளுக்கிறதைவிட உரிஞ்சு போறதுதான் அதுக்கு ஆபத்து. விரல் வியர்வை, பாலிஷ், மெழுகு எதுவும் கூடாது.

இப்ப ஆழம். பந்துக்கு முன்னால 10, பின்னால 15 விட்டா 97 மி.மீ. ஜெர்சிக்கோ 35 போதும். முழுப் பெட்டியையும் 100 மி.மீ. ஆழத்துல செஞ்சு ஜெர்சியைப் பின்சுவர்ல வச்சா கிணத்துக்குள்ள எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும், மேல் சட்டத்தோட நிழல் சரியா கையெழுத்து மேலயே விழும். என்னைக் கேட்டா பந்துக்குத் தனிப் பெட்டி. ஒரே பெட்டிதான்னு பிடிவாதமா இருந்தா, ஃபோம் போர்டு விலா எலும்பு மாதிரி குறுக்கும் நெடுக்கும் வச்சு ஜெர்சி மேடையை 60 மி.மீ. முன்னால தூக்குங்க. மேடைக்குக் கீழ்ப்பகுதியில 12 × 12 செ.மீ. ஜன்னல் வெட்டி அந்தக் குழியில பந்து. அதுக்கு ஃபிரேமோட உயரம் இன்னும் 16 செ.மீ. கூடும், மரத்தூள் சொன்ன எடையும் அதுக்கேத்த மாதிரி ஏறும்.

பேட்டும் சேர்க்க நினைக்கிறவங்களுக்கு: விதிப்படி அதிகபட்சம் 96.5 செ.மீ. நீளம், 10.8 அகலம், 6.7 கனம். கையெழுத்துப் போட்ட பேட்டுக்கு ஆளிவிதை எண்ணெய் தடவினா மை நரம்போட்டத்துல பரவிடும்.

மரத்தூள்

தனிப் பெட்டி என்பதுதான் என் ஓட்டும்.

மூடுவதைப் பற்றி மட்டும் மிச்சம். ஓக் மரமும் எம்.டி.எஃப். பலகையும் அமில ஆவி விடும். ஃபிரேமின் உட்பள்ளத்துக்கும் பக்கச் சுவருக்கும் அலுமினியப் படல டேப் ஒட்டி, அதன்மேல் மவுண்ட் போர்டுப் பட்டை வையுங்கள். பெயின்ட் அடித்த ஃபிரேம் என்றால் மூன்று நாலு வாரமாவது காற்றில் கிடக்கட்டும். வாசம் இருக்கும்வரை மூடக்கூடாது. பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடுகிறவர்கள் உண்டு. அந்த ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும், மூடிய பெட்டிக்குள் அது வேண்டாம்.

பின்பலகைக்கு ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ போடுங்கள், எப்போதாவது திறக்க வேண்டிவரும். விளிம்பில் காகித டேப் ஒட்டினால் தூசி நுழையாது. கீழ் இரண்டு மூலையிலும் ரப்பர் பொட்டு, சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்றோட. மொத்த எடை ஏறக்குறைய 8 கிலோ வரும் என்று வைத்துக்கொண்டு, கம்பி கட்டாமல் இரண்டு பக்கமும் வளையம் பூட்டி இரண்டு கொக்கியில் மாட்டுங்கள். கம்பி ஃபிரேமின் பக்கச் சட்டங்களை உள்நோக்கி இழுத்து மூலையைப் பிளக்கும்.

மூடுமுன் ஒரு சோதனை. தைத்த பலகையை அக்ரிலிக் இல்லாமல் ஒரு முழு நாள் செங்குத்தாக நிறுத்தி, மேலே சுத்தமான துணியால் மூடி வையுங்கள். மறுநாள் கழுத்துப் பட்டிக்குக் கீழே புன்னகை வடிவில் ஒரு தொய்வு தெரிந்தால் தோள் தையல் போதவில்லை என்று அர்த்தம். பக்கத்துக்கு இன்னொன்று போட்டு மறுபடி ஒரு நாள். கைக்குக் கீழே சாய்வாகச் சுருக்கம் ஓடினால் அக்குள் தையலை இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள், அதை வெட்டித் தளர்த்திப் போடுங்கள்.