புதுப்பிப்பு: நிகராகுவா சுருட்டு ஒரு பக்கமாக எரிந்த சிக்கல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நிகராகுவாவின் எஸ்தெலி நகரில் சுருட்டிய மலிவு விலை ரொபஸ்டோ (குட்டையான, தடித்த சுருட்டு: 5 அங்குல நீளம், 50 ரிங் தடிமன்) கோணலாக எரிகிறது, பாதியில் கசக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன்.

நிமிடத்துக்கு ஒரே இழுப்பு என்ற யோசனையை முதலில் பார்த்தேன். கசப்பு கொஞ்சம் குறைந்தது, கோணல் அப்படியே. அப்புறம் சுருட்டுப் பெட்டிக்குள் ஈரப்பதம் காட்டும் ஈரமானியைச் சோதிக்கச் சொன்னவர் பேச்சைக் கேட்டேன். மூடிய டப்பாவில் நனைத்த உப்போடு ஒரு நாள் வைத்தால் அது 75 சதவீதம் காட்ட வேண்டும், என்னுடையது காட்டியது 68! ஆக, பெட்டிக்குள் 69 என்று நான் நம்பிக்கொண்டிருந்தது உண்மையில் 76 பக்கம், அதாவது சுருட்டில் ஈரம் அதிகம். ஈரப்பதத்தை 65 சதவீதத்தில் வைத்திருக்கும் பை ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு மூன்று வாரம் தொடாமல் விட்டேன். இப்போது நேராக எரிகிறது, சாம்பலும் ஓர் அங்குலம் நிற்கிறது.

எதிர்பாராதது: இழுக்கும்போது இருந்த இறுக்கமும் போய்விட்டது. அதற்காகத்தான் சுருட்டின் தலையை (வாயில் வைக்கும் முனையை) அதிகமாக வெட்டிப் பல சுருட்டுகளை வீணடித்திருந்தேன்.

சுவை: முதலில் மிளகுக் காரம், நடுவில் வறுத்த காப்பிக்கொட்டை, லேசாகக் கோகோ. கடைசி மூன்றில் ஒரு பங்கு இன்னும் கடுமைதான். அங்கே அணையவிட்டு விடுகிறேன். இந்த விலைக்கு மறுபடி வாங்குவேன்.