உதவி தேவை: சுயஉதவிக் குழு ஆய்வின் பைலட்டில் எல்லாரும் "ஒப்புக்கொள்கிறேன்" என்கிறார்கள், ஆல்ஃபா 0.41

தருமபுரி_ஆய்வு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சுயஉதவிக் குழுவில் இருக்கும் பெண்களின் சொல் வீட்டுப் பண விஷயத்தில் எவ்வளவு எடுபடுகிறது என்பதுதான் என் பிஎச்டி ஆய்வு. தமிழ்நாட்டில் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கின. நீண்ட காலம் குழுவில் இருந்தவர்களை இங்கே பார்க்க முடியும் என்பதால் இந்த மாவட்டத்தில் இரண்டு ஒன்றியங்களை எடுத்திருக்கிறேன்.

பைலட்டாக, அதாவது முன்னோட்டமாக, 30 பேரிடம் கேட்டோம். எம்.ஏ. மாணவிகள் போனில் கூகுள் ஃபார்மைத் திறந்து, கேள்வியை வாசித்துக் காட்டி, சொன்ன பதிலைத் தட்டினார்கள். குழுக் கூட்டம் நடக்கும் இடத்திலேயே கேட்டதால் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு லிக்கர்ட் கேள்விகளிலும் (முற்றிலும் ஒப்புக்கொண்டால் 5, முற்றிலும் மறுத்தால் 1) பெரும்பாலும் 4 அல்லது 5 தான் வந்திருக்கிறது. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா 0.41. கடன் கேள்விக்குப் பாதிப் பேர் "குழு லோன் மட்டும்தான்" என்கிறார்கள், அது உண்மையாக இருக்க வாய்ப்பே இல்லை. 0.7 வந்தால்தான் டி.சி. (முனைவர் பட்டக் குழு) மீட்டிங்கில் வைக்கலாம் என்கிறார் கைடு. முழு ஆய்வுக்கு 384 பேர் என்று திட்டம். மாதிரி அளவு கூடினால் ஆல்ஃபா தானாக ஏறிவிடுமா?

சில கேள்விகள்:

கே.4: குழுவில் சேர்ந்த பிறகு என் வருமானமும் தன்னம்பிக்கையும் உயர்ந்துள்ளன. (முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன் முதல் முற்றிலும் மறுக்கிறேன் வரை)
கே.9: குடும்பத்தின் முக்கிய நிதி முடிவுகளில் நான் பங்கேற்பதில்லை. (அதே அளவுகோல்)
கே.15: மாத வருமானம்: 5,000 வரை / 5,000–10,000 / 10,000–15,000 / 15,000-க்கு மேல்
கே.17: கடந்த ஓராண்டில் சராசரியாக மாதம் எவ்வளவு சேமித்தீர்கள்?
கே.18: தற்போது உங்களுக்கு மொத்தம் எவ்வளவு கடன் உள்ளது?

எண்கணக்கு எழுதியது:

முதலில் ஒன்றைப் பாருங்கள். கே.9 எதிர்மறை வாக்கியம். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் அதைத் திருப்பிக் குறியிட்டீர்களா? 5 என்பதை 1 ஆக, 4 என்பதை 2 ஆக மாற்றாமல் ஆல்ஃபா போட்டால் இப்படித்தான் இறங்கும், சில சமயம் மைனஸில்கூட வரும்.

384 என்ற எண்ணுக்கும் உங்கள் பிரச்சினைக்கும் சம்பந்தமில்லை. மாதிரி அளவு கூடினால் மதிப்பீட்டின் பிழை வரம்பு சுருங்கும். கேள்வி தப்பாக இருந்தால் அந்தத் தப்பு அப்படியே 384 பேரிடமும் போய்ச் சேரும்.

தருமபுரி_ஆய்வு எழுதியது:

திருப்பிக் குறியிட்டுவிட்டேன் சார். எதிர்மறைக் கேள்விகள் கே.6, கே.9 இரண்டுதான். அவற்றை எடுத்துவிட்டால் 0.63 வருகிறது. எடுத்துவிடலாமா?

களப்பணி_மதுரை எழுதியது:

எடுக்காதீர்கள் தங்கை. எதனால் அப்படி வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். கணக்கெடுப்பு வேலையில் ரொம்ப காலம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த இரண்டு கேள்விகள்தான் உங்களுக்கு உண்மையைக் காட்டிக்கொடுக்கின்றன. கே.4-க்கும் "ஆமாங்க", அதற்கு எதிர்த்திசையில் போகும் கே.9-க்கும் "ஆமாங்க" என்றால், அந்தம்மா வாக்கியத்தை எடைபோட்டுப் பதில் சொல்லவில்லை. படித்த பிள்ளைகள் மெனக்கெட்டு வந்து கேட்கிறார்கள், அவர்கள் மனம் கோணாமல் தலையாட்டி அனுப்பிவிட வேண்டும் என்று நினைக்கிறார். நம் ஊரில் வாசலுக்கு வந்தவரிடம் "முற்றிலும் மறுக்கிறேன்" என்று யார் சொல்வார்கள்? இந்த இரண்டையும் நீக்கினால் ஆல்ஃபா ஏறும். ஆனால் அந்த எண் அளப்பது பெண்களின் அதிகாரத்தை அல்ல, அவர்களின் மரியாதையை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது கேட்டால் பதில் இருக்காது.

கே.9-இல் இன்னொரு சிக்கல். "பங்கேற்பதில்லை" என்று வாசித்ததும் ஒருவர் "ஆமா" என்பார், இன்னொருவர் "இல்லைங்க" என்பார். இரண்டு பேருமே பங்கேற்பதில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். தட்டும் மாணவி ஒன்றை ஒப்புதலாகவும் மற்றதை மறுப்பாகவும் போட்டுவிடுவார். எதிர்மறைக் கேள்வி பெரிய நிறுவனங்களையே கவிழ்த்திருக்கிறது. 1992-இல் அமெரிக்காவில் ரோப்பர் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் நாஜிகள் செய்த யூத இன அழிப்பு பற்றி இரட்டை எதிர்மறையில் ஒரு கேள்வி கேட்டது. அந்த அழிப்பு நடக்கவே இல்லை என்பது சாத்தியமா, சாத்தியமில்லையா என்கிற மாதிரி. 22 சதவீதம் பேர் "சாத்தியம்" என்றார்கள், நாடே அதிர்ந்தது. 1994-இல் அதே விஷயத்தை நேராகக் கேட்டபோது அது சுமார் 1 சதவீதமாக இறங்கியது. ஜனங்கள் மாறவில்லை, வாக்கியம்தான் மாறியது.

அப்போ என்ன செய்வது? ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பதை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள். உங்கள் கே.9 இப்படி ஆகலாம்: "உங்க வீட்டில் கடைசியாக நகை அடகு வைத்தது எப்போது? வைக்கலாம் என்று முதலில் சொன்னது யார்? வந்த பணத்தை யார் கையில் வைத்திருந்தார்கள்? எதற்குச் செலவானது?" இதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல முடியாது. கணவரா, மாமியாரா, தானா என்று ஒரு ஆளைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "முக்கிய நிதி முடிவு" என்ற சொல் உங்கள் ஆய்வறிக்கையில் இருக்கட்டும், கேள்வியில் வேண்டாம். அடகு, ஆடு மாடு வாங்கியது விற்றது, பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், குழு லோன் பணம் போன இடம் என்று நாலைந்து நிகழ்வுகளை எடுத்துக்கொண்டால் போதும்.

கே.4-இல் வருமானம் ஒன்று, தன்னம்பிக்கை இன்னொன்று. வருமானம் கூடாமல் தைரியம் மட்டும் வந்தவர் எதைச் சொல்வார்? இரண்டாகப் பிரியுங்கள். "உயர்ந்துள்ளன" என்று பதிலையும் நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

கே.15-இல் மாதம் 10,000 வாங்குபவர் எந்தக் கட்டத்தில் வருவார்? இது சின்னத் திருத்தம்தான். பெரிய விஷயம், தருமபுரிப் பக்கம் மாத வருமானம் என்று ஒன்று எத்தனை பேருக்கு இருக்கிறது? பாலக்கோட்டில் தக்காளி பறிப்புக் கூலி ஒரு காலம் இருக்கும், இன்னொரு காலம் இருக்காது. கணவர் பெங்களூரில் கட்டட வேலையிலிருந்து அனுப்பும் பணம் மாதாமாதம் வராது. அதனால் வகை வகையாகக் கேளுங்கள்: கூலி, நூறு நாள் வேலை, பால், ஊருக்கு வெளியே இருப்பவர் அனுப்பியது, மகளிர் உரிமைத் தொகை. கூட்டுவது உங்கள் வேலை, அவர்கள் வேலை இல்லை. கடனும் அப்படித்தான். "மொத்தக் கடன்" என்றால் குழு லோன் மட்டும்தான் நினைவுக்கு வரும். அதுவும் குழுக் கூட்டத்திலேயே கேட்டால் வேறு எது வாயில் வரும்? வாரக் கடன், தண்டல், நகைக் கடன், கைமாத்து, மளிகைக் கடை பாக்கி, பாலுக்கு வாங்கிய முன்பணம் என ஒவ்வொன்றாகக் கேட்டு "இருக்கா, இல்லையா" என்று வாங்குங்கள்.

குழுவை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதியும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாரக் கடனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அடுத்த லோனுக்கு வினையாகும் என்ற பயம். வருமானத்தைச் சொன்னால் உரிமைத் தொகையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், யாருக்கும் பெயர் போகாது, இதனால் எந்தத் திட்டமும் வராது, நிற்கவும் செய்யாது என்பதை முதலிலேயே பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கேட்கும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஃபார்மில் ஒரு கட்டம் வையுங்கள். பின்னால் அலசும்போது அது கை கொடுக்கும்.

எண்கணக்கு எழுதியது:

கே.17 பற்றி நான் சேர்த்துக்கொள்கிறேன். ஓராண்டின் மாதச் சராசரியை மனக்கணக்காகப் போட யாராலும் முடியாது. குழுவில் வாரம் கட்டும் தொகையைப் பாஸ்புக்கில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்புக்கில் வராத சேமிப்புக்கு மட்டும் நினைவைக் கேளுங்கள், அதுவும் ஒரு அடையாளம் வைத்து: "ஆடிப் பதினெட்டுக்கு அப்புறம் சீட்டு ஏதாவது கட்டினீங்களா?"

ஆனால் ஒரே விஷயத்துக்கு இரண்டு கால அளவை ஒரே ஆளிடம் கேட்க வேண்டாம். தேசிய மாதிரி ஆய்வின் 55-வது சுற்றில், அதாவது 1999–2000-இல், உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் ஒரே குடும்பத்திடம் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் கேட்டார்கள். ஒன்றுக்குச் சொன்ன பதிலோடு மற்றது ஒத்துப்போகும்படி ஆகிவிட்டது என்று விமர்சனம் எழுந்தது. அதற்கு முன் 1993–94 கணக்கில் வறுமை சுமார் 36 சதவீதம், இந்தச் சுற்றில் 26 சதவீதம். இறங்கியதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கேள்வித்தாள் செய்த வேலை என்று பொருளியலாளர்கள் வருடக்கணக்கில் வாதிட்டார்கள். நாட்டின் வறுமைக் கணக்கே ஒரு பத்தியைச் சேர்த்ததால் சிக்கலில் மாட்டியது.

முனைவர்_வழி எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் கைடு லிக்கர்ட் கேட்கிறார், ஆல்ஃபா கேட்கிறார். அந்தப் பெண் அதைத் தூக்கிப் போட முடியாதே? என் யோசனை: ஐந்து புள்ளி அளவுகோல் இருக்கட்டும், ஒப்புதலை மட்டும் எடுத்துவிடுங்கள். "குழு லோன் பணத்தை எதற்குச் செலவு செய்வது என்பதில் உங்க பேச்சு எவ்வளவு எடுபட்டது?" என்று கேட்டு, "கொஞ்சமும் இல்லை, கொஞ்சம், பாதிக்குப் பாதி, பெரும்பாலும், முழுக்க" என்று பதில் கொடுங்கள். ஐந்து நிகழ்வுக்கு ஐந்து கேள்வி. எல்லாம் ஒரே விஷயத்தை அளப்பதால் ஆல்ஃபா போடுவதில் அர்த்தமும் இருக்கும். இப்போதுள்ள பன்னிரண்டில் வருமானம், தன்னம்பிக்கை, முடிவெடுத்தல் மூன்றும் கலந்து கிடக்கின்றன போலத் தெரிகிறது. கலந்த சரக்குக்கு ஒற்றை ஆல்ஃபா போடக்கூடாது. தவிர, எல்லாரும் 4, 5 என்றே சொன்னால் பதில்களில் வேறுபாடே இருக்காது, வேறுபாடு இல்லாத இடத்தில் ஆல்ஃபா இறங்கத்தான் செய்யும்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் கேள்விகளையும் கைடிடம் காட்டுங்கள். பெரிய பொருள் வாங்குவதை வழக்கமாக யார் முடிவு செய்கிறார் என்று திருமணமான பெண்களிடம் அதில் கேட்கிறார்கள்: பெரும்பாலும் நீங்களா, கணவரா, இருவரும் சேர்ந்தா, வேறு யாராவதா என்று. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் 2019–21 சுற்றின் முடிவுகளோடு உங்கள் மாதிரியை ஒப்பிட முடியும். கைடுகள் இதற்கு மறுப்புச் சொல்வது அரிது.

தருமபுரி_ஆய்வு எழுதியது:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. கைடிடம் பேசினேன், ஒப்புதல் அளவுகோலை எடுக்கச் சம்மதித்துவிட்டார். நேரத்தைப் பற்றி இப்படி ஒரு கேள்வி எழுதியிருக்கிறேன்: "குழு வேலைக்காக வாரத்தில் எவ்வளவு நேரம் செலவிடுகிறீர்கள்? அரை மணி வரை / அரை முதல் 1 மணி / 1 முதல் ஒன்றரை / ஒன்றரை முதல் 2 / 2 மணிக்கு மேல்." சரியா? அப்புறம், வயது, சாதி, படிப்பு இதெல்லாம் முதலில் கேட்கலாமா?

களப்பணி_மதுரை எழுதியது:

கட்டங்கள் வேண்டாம், மணிக்கணக்கை எண்ணாகவே வாங்குங்கள். கட்டமே பதிலை இழுத்துவிடும். 1985-இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு ஒன்றில் டிவி பார்க்கும் நேரத்தை இப்படிக் கேட்டார்கள். "இரண்டரை மணிக்கு மேல்" என்பதைக் கடைசிக் கட்டமாக வைத்தபோது அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் 16 சதவீதம். "இரண்டரை மணி வரை" என்பதை முதல் கட்டமாக வைத்து மேலே ஏற்றிக்கொண்டு போனபோது, இரண்டரைக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 37 சதவீதத்துக்கும் மேல். நடுவில் இருக்கும் கட்டம்தான் ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி மனிதர்கள் அதை ஒட்டியே பதில் சொல்கிறார்கள்.

சாதி கடைசியில்தான். வாசலில் உட்கார்ந்ததும் சாதியைக் கேட்டால் பேச்சே முறிந்துவிடும். குழுவில் சேர்ந்த கதையில் ஆரம்பியுங்கள், எல்லாரும் ஆசையாகச் சொல்வார்கள். அங்கிருந்து லோன், அடகு, வீட்டு முடிவு என்று போங்கள். வருமானம், வெளிக்கடன், வயது, சாதி எல்லாம் பின்னால்.

மறுபடி 30 பேரிடம் ஓடுவதற்கு முன் ஐந்தாறு பேரிடம் மட்டும் புதிய கேள்வித்தாளை வாசியுங்கள். பதில் சொன்னதும், "இதைக் கேட்டப்போ உங்க மனசில் எந்த விஷயம் வந்துச்சு?" என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "உங்க பேச்சு எடுபட்டது" என்பதை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்களா என்பது அங்கேதான் தெரியும். மாணவிகள் கேள்வியை எழுதியபடியே வாசிக்க வேண்டும், தங்கள் போக்கில் விளக்கம் சொல்லக்கூடாது. விளக்கம் தேவைப்படும் இடமெல்லாம் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

தருமபுரி_ஆய்வு எழுதியது:

சரி சார். பென்னாகரம் பக்கம் இரண்டு குழுக்களிடம் பேசியிருக்கிறேன், மதியம் வீட்டுக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆறு பேரிடம் வாசித்துவிட்டு, அவர்கள் சொன்னதையும் திருத்திய கேள்விகளையும் இதே இழையில் போடுகிறேன். கே.6-ஐ மட்டும் இன்னும் மாற்றவில்லை: "கணவரின் அனுமதி இல்லாமல் நான் வங்கிக்குச் செல்வதில்லை."

எண்கணக்கு எழுதியது:

"கடைசியாக பேங்குக்குப் போனது எப்போ? கூட யார் வந்தாங்க? போறதுக்கு முன்னாடி வீட்டில் யாரிடமாவது கேட்டீங்களா, சொன்னீங்களா, இரண்டும் இல்லையா?" கேட்பதையும் சொல்வதையும் தனித்தனிப் பதிலாக வையுங்கள்.